80 கிராம் குட்டியும் காய்ச்சலில் கிடந்த தாய்ப்பூனையும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட நேரம். பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு மூவண்ணப் பூனை குட்டி போட்டிருப்பதாக வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். போய்ப் பார்த்தால் தாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. வயிற்றை ஒட்டி ஒரே ஒரு குட்டி அசைந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்தவை பக்கத்திலேயே இறந்து கிடந்தன. தாய்க்கு மல்லி என்றும் குட்டிக்குக் குண்டுமணி என்றும் அம்மா பெயர் வைத்தார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் இதற்கு முன்பு தாயில்லாத குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறோம். அதில் வேலை அதிகம், ஆனால் குழப்பம் கிடையாது. பால், சூடு, சுத்தம் எல்லாமே நம் கையில். தாய் உயிரோடு இருந்தும் அவளால் எதுவும் முடியவில்லை என்றால் அப்படியில்லை. குட்டியைப் பிரிப்பதா, அவளிடமே பால் குடிக்க விடுவதா, அவள் சாப்பிடும் மருந்து பாலில் இறங்குமா என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி இரண்டு உயிர்கள் சேர்ந்து வரும்போது மனம் குட்டியிடமே ஓடும். ஆனால் குட்டி பிழைக்க நேர்வழி தாயைத் தேற்றுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அவள் தேறும்வரை அவள் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்கிறோம், அவ்வளவுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த எண்ணத்தில் செய்தவை.

முதலில் சூடு, பிறகுதான் பால்

குண்டுமணியைக் கையில் எடுத்ததும் உள்ளங்கை சில்லென்றது. தொப்புள்கொடி காய்ந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து சில நாட்களிலேயே அது உதிர்ந்துவிடும் என்பதால் குட்டிக்கு வயது மிகக் குறைவு என்று புரிந்தது. தராசில் வைத்தால் 81 கிராம். நல்ல நிலையில் பிறக்கும் குட்டி 100 கிராமை ஒட்டி இருக்கும். சுண்டுவிரல் நுனியை வாயில் வைத்தால் சப்பவில்லை. ஈறு வெளுத்திருந்தது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி, ஆசனவாயில் நுனி மட்டும் படும்படி வைத்துப் பார்த்தோம். எண்ணே வரவில்லை, ‘லோ’ என்று காட்டியது. மருந்துக்கடையில் வாங்கும் தெர்மாமீட்டர்களில் பெரும்பாலானவை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இப்படித்தான் காட்டும். முதல் வாரத்தில் குட்டியின் உடல்சூடு 35 முதல் 37 டிகிரி வரை இருக்க வேண்டும்.

இந்த நிலையில் பால் கொடுக்கவே கூடாது. உடல் குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. கொடுத்த பால் வயிற்றிலேயே தங்கிவிடும், இல்லையென்றால் எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் போகும். பசியில் செத்துவிடுமோ என்ற பதற்றத்தில் பாலைப் புகட்டி இழந்த குட்டிகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். பூனை வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு விஷயமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மா குட்டியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சூடு மெதுவாக ஏற வேண்டும்; ஒரு மணி நேரமாவது பிடிக்கும். வெந்நீரில் இறக்குவது, ஹேர் டிரையரை நேராகப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். தோல் சுடும், உள்ளே குளிர்ந்தபடியே இருக்கும். இடையிடையே குளுக்கோஸ் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து விரல் நுனியால் ஈறில் தடவினோம். விழுங்க வைப்பதற்காக அல்ல. ஈரம் பட்டாலே போதும், கொஞ்சம் சர்க்கரை உள்ளே ஏறும்.

அதற்குள் நான் பெட்டியைத் தயார் செய்தேன். பார்சலில் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. தாயும் குட்டியும் சேர்ந்து படுக்கும் அளவு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து, அந்தத் தெர்மாகோலை வெட்டி அடியிலும் மூன்று பக்கத்திலும் கொடுத்தேன். முன்பக்கம் தாய் ஏறி இறங்க வசதியாகத் தாழ்வாக வெட்டிவிட்டேன். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் வேட்டித் துணி. டர்க்கி டவல் போடவில்லை, அதன் நூல் வளையத்தில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் ரப்பர் வெந்நீர்ப் பை, இரண்டு மடிப்புத் துணி சுற்றி. மறுபாதி காலி. சூடு தாங்கவில்லை என்றால் குட்டி ஊர்ந்து விலக இடம் வேண்டும். குட்டி படுக்கிற மட்டத்தில் அறைத் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தோம்.

மழை இரவில் எங்கள் அறையின் சூடு 25 டிகிரி. நமக்கு இதமான அந்தச் சூடு பிறந்த குட்டிக்குக் குளிர். முதல் வாரம் அதன் படுக்கை 30 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும், அடுத்த வாரம் 28 போதும், அப்புறம் மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். கூடப்பிறப்புகள் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். ஒற்றைக் குட்டிக்கு அது கிடையாது. ‘ஒண்ணே ஒண்ணுதானே, ஈஸியா வளர்த்துடலாம்’ என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சூட்டுக்குக் குண்டு பல்ப் நல்லதுதான். ஆனால் எல்இடி வந்தபிறகு 40 வாட், 60 வாட் குண்டு பல்ப் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, எல்இடியில் உருப்படியான சூடு வராது. மேலும் மழைக்காலத்தில் கரண்டை நம்பிச் சூடு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெந்நீர்ப் பை இரண்டு, மாற்றி மாற்றி. ஒன்று பெட்டியில் இருக்கும்போது இன்னொன்றுக்கான தண்ணீர் பிளாஸ்கில். கேஸ் அடுப்பு இருந்தால் போதும்.

மல்லியின் உடம்பு

தெர்மாமீட்டர் குட்டிக்கு 35.6 காட்டியதும் இருவரையும் ஒரே கூடையில் வைத்து, தெருக்கோடி கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மல்லிக்குக் காய்ச்சல் 40.2. பூனைக்கு 39.2 வரை சாதாரணம். தோளுக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படியாமல் அப்படியே நின்றது, உடம்பில் நீரே இல்லை. வால் அடியில் பழுப்பும் சிவப்புமாகக் கசிவு, அழுகிய நாற்றம். காம்புகளில் ஒன்றின் அடிப்பகுதி கல்லாக இறுகித் தொட்டால் சுட்டது. எடை 2.3 கிலோ, விலா எலும்பை விரலால் எண்ணலாம்.

டாக்டரம்மா குட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மல்லியிடம்தான் நேரம் செலவழித்தார். “குட்டியை நீங்க பார்த்துக்குவீங்க. இவளைக் கைவிட்டுடாதீங்க, இவ எழுந்தாதான் ரெண்டும் பிழைக்கும்” என்றார். கருப்பையில் நோய்த்தொற்று, ஒரு மடியில் வீக்கம் என்பது அவர் முடிவு. நஞ்சுக்கொடியோ இறந்த குட்டியோ உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும் என்று வேப்பேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்குள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய், பூனைக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். மாடு, குதிரை, நாய், கிளி என்று அத்தனையும் வந்துபோகும் இடம் என்பதால் கூடையின் மேல் கனமான துணியைப் போட்டு மூடிக்கொண்டு போவது நல்லது. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஸ்கேனில் குட்டி எதுவும் உள்ளே இல்லை, திரவம் மட்டும் தேங்கியிருந்தது. கருப்பை சுருங்கி அதை வெளியே தள்ள ஓர் ஊசி. தொற்றுக்கு அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து. மருந்து பாலில் இறங்குமே என்று கேட்டேன். பாலூட்டும் பூனைக்கு இதைக் கொடுப்பது வழக்கம்தான், டெட்ராசைக்ளின் வகைகளைத்தான் தவிர்ப்போம், அவை வளரும் குட்டியின் பல்லிலும் எலும்பிலும் படியும் என்று விளக்கினார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றதும் நம் வீட்டில் கை போவது பாராசிட்டமால் பட்டைக்கு. பூனைக்கு அது விஷம். அதன் கல்லீரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. அரை மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். குழந்தைகளுக்கான சிரப்பும் அதேதான். நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு ஆகாது. தரை துடைக்கிற ஃபினாயில், டெட்டால் இரண்டும் அந்த அறைக்குள் வரவே கூடாது. பூனை காலை நக்கும், விஷம் உள்ளே போகும். நாங்கள் பிளீச்சைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் துடைத்து, காய்ந்தபிறகே பெட்டியை உள்ளே வைத்தோம்.

வீட்டில் தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக் கொடுத்தார்கள். முதல்முறை பயமாகத்தான் இருக்கும். ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி, உண்டாகும் பள்ளத்தில் ஊசியைச் செருக வேண்டும். டாக்டர் சொன்ன 100 மி.லி. இறங்கும்போது தோலுக்குக் கீழே சின்ன மூட்டையாகத் திரளும். அது சில மணி நேரத்தில் வடிந்து முன்னங்கால் பக்கம் இறங்கி உடம்பில் கலந்துவிடும். அம்மா மல்லியின் முகத்தை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டே இருப்பார். அடுத்த நாளே அவள் ஈறில் பிசுபிசுப்பு குறைந்து ஈரம் தெரிந்தது.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். அதிலும் பால் கொடுக்கிறவளுக்குச் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். தயிர்சாதத்தில் இதெல்லாம் நடக்காது. மத்தி மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, ஆவி பறக்கும் சூடு தணிந்ததும் மூக்கருகே கொண்டுபோனோம். பூனைக்கு வாசனை தெரிந்தால்தான் பசி எடுக்கும். கோழிச் சாறு வைத்தால் வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் இல்லாமல் தனியாக வைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், இவளுக்கோ ஏற்கெனவே ரத்தம் குறைவு. குட்டிகளுக்கான ஈரத்தீனிப் பாக்கெட்டைச் சாற்றில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். அவளாகவே கிண்ணத்தை நக்கிய அன்று அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ரத்தம் குறைவுக்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. மல்லியின் வால் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் பொட்டுகள். ஈரப் பஞ்சில் ஒன்றை எடுத்து அழுத்தினால் பஞ்சு சிவந்தது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. 80 கிராம் குட்டியை இருபது முப்பது தெள்ளுப்பூச்சிகள் சேர்ந்தாலே ஓய்த்துவிடும். குட்டிக்கு மருந்து எதுவும் போடாமல், நெருக்கமான பல் வைத்த சீப்பால் வாரி, வாரியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கினோம். மல்லிக்கு டாக்டர் கொடுத்த மருந்து. துணியைத் தினமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தோம்.

பாலும் தராசும்

குட்டி சப்பத் தொடங்கிய பிறகு முதலில் மல்லியிடமே விட்டோம், வீங்கிய காம்பைத் தவிர மற்றவற்றில். ஆனால் குட்டி காம்பைப் பிடித்திருக்கிறது என்பதால் பால் வருகிறது என்று நம்பிவிட முடியாது. இதற்குத் தராசுதான் வழி. 0.1 கிராம் வரை காட்டும் சின்னப் பாக்கெட் தராசு இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிக்கும் முன் ஒரு எடை, குடித்தபின் ஒரு எடை; வித்தியாசம்தான் உள்ளே போன பால். ஆரம்பத்தில் வித்தியாசமே இல்லை. வெறும் காம்பைச் சப்பிச் சப்பிக் களைத்துத் தூங்கியிருக்கிறது. பார்ப்பவருக்குக் குடித்துவிட்டுத் தூங்குவதாகவே தோன்றும்.

ஆகவே மேல்பால். பசும்பால் வேண்டாம். அதில் புரதம் 3 விழுக்காடு சொச்சம், பூனைப்பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பசும்பாலில் கிடைக்கிற அதிகப்படி வயிற்றுப்போக்குதான், இந்த எடையில் அதுவே ஆபத்து. பூனைக்குட்டிக்கென்றே வரும் பால்பவுடர் விலை அதிகம், இருந்தாலும் அதற்கு மாற்று இல்லை. கொதித்து ஆறிய நீரில் டப்பாவில் சொன்ன அளவுப்படி கலந்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுத்தோம்.

அளவு முக்கியம். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 4 மி.லி. பிடிக்கும், 80 கிராமுக்கு 3 மி.லி. போதும். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சின் முனையில் சின்ன சிலிக்கான் காம்பு. எதிர்வீட்டுப் பாட்டி, “பாலாடையில ஊத்தும்மா, என் பேரப்பிள்ளைங்களுக்கெல்லாம் அதுலதான் குடுத்தோம்” என்று வெள்ளிப் பாலாடையையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு அக்கறை. “இதுக்கு வாய் ரொம்பச் சின்னது பாட்டி, புரையேறிடும்” என்று சொன்னதும் புரிந்துகொண்டு, அன்று முதல் வெந்நீர் போட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சாம்பிராணி போடுவதையும் எங்களுக்காக நிறுத்திவைத்தார். புகை இந்த நுரையீரலுக்குத் தாங்காது.

குட்டியை மல்லாத்திப் பால் கொடுக்கக் கூடாது. தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படியே குப்புறப் படுக்க வைத்து, தலையை லேசாக மட்டும் தூக்கி, சொட்டுச் சொட்டாக. அதுவாகச் சப்பும் வேகத்துக்கு மேல் பிஸ்டனை அழுத்தக் கூடாது. மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிட்டு, அந்த வேளையை அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

குடித்ததும் கழிக்க வைப்பது இன்னொரு வேலை. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம், மலம் போகத் தெரியாது. தாய் நக்கினால்தான் போகும். மல்லிக்கு நாக்கை நீட்டக்கூடத் தெம்பில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தட்டித் தட்டித் துடைத்தோம். மூத்திரம் வெளிர் நிறமாக இருந்தால் நீர் போதுமானது, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. மலம் கடுகு அரைத்த நிறத்தில் கூழாக வந்தால் நல்லது.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், காலை முதல் வேளைக்கு முன் எழுதினோம். 81, 80, 80, 84, 91. நல்ல குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனிக்க வேண்டும், இறங்கினால் காத்திருக்கக் கூடாது. குட்டி சுறுசுறுப்பாகத் தெரிகிறது, கத்துகிறது என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இடையில் ஒரு இரவு மோசமாகப் போனது. மல்லிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறி, அவள் பெட்டியை விட்டு வெளியே குளிர்ந்த தரையில் போய்ப் படுத்துக்கொண்டாள். குட்டி அவளைத் தேடி ஊர்ந்து துணி மடிப்புக்குள் சிக்கியிருந்தது. தூக்கினால் தலை தொங்கியது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. திரும்பவும் அதே வரிசைதான்: நெஞ்சோடு சூடு, ஈறில் குளுக்கோஸ், பால் இல்லை. துணியால் முதுகை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். விடியும்போது விரலைச் சப்பியது. இந்த நிலைக்கு வந்த குட்டிகள் எல்லாம் மீள்வதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் எங்கள் கையிலேயே போன குட்டிகள் உண்டு; பிறவிக் குறை, ரத்தத்தில் தொற்று என்று நம் கண்ணுக்கு எட்டாத காரணங்கள் இருக்கும். சீம்பால் கிடைத்ததா இல்லையா என்பதும் பெரிய விஷயம். பிறந்த முதல் நாளில் மட்டும்தான் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் ஏற்றுக்கொள்ளும். குண்டுமணிக்கு அது கொஞ்சமாவது கிடைத்திருக்க வேண்டும்.

அன்று காலை டாக்டரம்மா மல்லிக்கு மருந்தின் அளவை மாற்றினார். வீங்கிய மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கெட்ட பாலை மெல்லப் பிதுக்கி எடுக்கவும் காட்டிக் கொடுத்தார். அதன்பின் காய்ச்சல் திரும்பவில்லை.

தாய் பொறுப்பேற்றபோது

அவ்வளவு நாளும் குட்டியை மல்லியின் வாசனை படும்படியே வைத்திருந்தோம். பால் கொடுத்தபின் அவள் படுத்த துணியால் குட்டியைத் துடைத்துத்தான் பெட்டியில் விடுவோம். நாள்கணக்கில் மனிதக் கை வாசனையும் பால்பவுடர் வாசனையும் மட்டும் அடித்தால் நோயில் இருக்கும் தாய் ஒதுக்கிவிடக் கூடும்.

ஒரு மதியம் சிரிஞ்சுப் பால் கொடுத்துவிட்டு, வாயைத் துடைப்பதற்குள் குட்டியை அவள் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்தேன். மல்லி மோவாயில் ஒட்டியிருந்த பாலை முகர்ந்தாள். நாக்கு நுனியால் ஒருமுறை தொட்டாள். அப்புறம் மோவாய், கழுத்து, காது என்று நக்கிக்கொண்டே போய், முன்னங்காலால் குட்டியைப் புரட்டிப் போட்டு அடிவயிற்றை நக்கத் தொடங்கினாள். குட்டி கத்தியது, அவள் விடவில்லை. பஞ்சு வைத்து நாங்கள் தட்டித் தட்டி வரவழைத்ததை அவள் நொடியில் முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து தராசில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வேளைக்கு 1 கிராம், பிறகு 2, பிறகு 4. அதற்கேற்ப மேல்பாலைக் குறைத்தோம். ஒரேயடியாக நிறுத்தவில்லை, குட்டி எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவுக்குத்தான் தாய்க்குப் பால் ஊறும் என்பதால், முதலில் தாயிடம் விட்டு, குறையை மட்டும் சிரிஞ்சில் நிரப்பினோம். இரவு வேளைகளை அவளிடம் விட முடிந்ததே பெரிய நிம்மதி.

கண் திறக்கும் சமயத்தில் குண்டுமணியின் வலது இமை மட்டும் உப்பியது. திறக்காத இமைக்குள் சீழ் சேர்ந்தால் விழியே போய்விடும், தானாகத் திறக்கட்டும் என்று விடக் கூடாது. டாக்டரம்மா வெதுவெதுப்பான உப்புநீர்ப் பஞ்சால் ஒற்றி ஒற்றி மூலையைத் திறந்ததும் மஞ்சளாக ஒழுகியது. குட்டிகளுக்கு ஏற்ற களிம்பு கொடுத்தார். இமையைப் பிரிக்கும் வேலையை நாமே செய்யப் பார்ப்பதைவிட அவர்களிடம் விடுவது நல்லது. இப்போது இரண்டு கண்ணும் தெளிவு.

மூன்றாம் வாரம் முன்பற்கள் முளைத்தன. எடைக்கேற்ற அளவில் குடற்புழு மருந்து. நான்காம் வாரம் ஈரத்தீனியைப் பாலில் கரைத்துத் தட்டில் வைத்தால் அதற்குள்ளேயே நடந்து போய் நின்றது. ஒரு மாதத்தில் 400 கிராமைத் தாண்டிவிட்டது. கழிவுத் தட்டில் மல்லிக்கு வால் அடியில் கசிவு நிற்கும்வரை மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள்தான் போட்டோம், மணல் அந்த ஈரத்தில் ஒட்டும்.

அந்த வயதில் ‘எனக்குக் குட்டியை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்டவர்கள் பலர். கொடுக்கவில்லை. கூடப்பிறப்பு இல்லாத குட்டிக்குக் கடியின் அளவைக் கற்றுக்கொடுக்க வேறு ஆள் இல்லை. மல்லி தன் வாலைக் கடித்த குண்டுமணியைப் பிடித்து அழுத்தி, பின்னங்காலால் ஒரு உதை விட்டு அனுப்புவதைப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் புரிந்திருக்கும். குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம் தாயோடு இருக்கட்டும்.

தெருப்பூனையைத் தொட்டுப் பராமரிக்கிறவர்கள் வெறிநாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் போட்டிருக்கிறோம். கடியோ ரத்தம் வரும் கீறலோ பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம்.

8 வாரம் முடிந்ததும் குண்டுமணிக்கு முத்தடுப்பூசியின் முதல் தவணை போட்டாயிற்று. இரண்டாவது நான்கு வாரம் கழித்து, 12 வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் சேர்த்து. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும் என்பதால் மல்லியை ஜன்னல் பக்கம்கூட விடாமல் காத்து, பால் வற்றியதும் கருத்தடை செய்தோம். கருப்பையில் தொற்று வந்து ஆறியவளுக்கு அந்த அறுவை இன்னும் அவசியம். தையல் பிரித்தாகிவிட்டது. எடை 3.4 கிலோ. இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வில்லிவாக்கத்தில் ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. பால்கனிக்கு வலை அடித்து முடித்ததும் கொண்டுபோய் விடப்போகிறோம், தடுப்பூசி அட்டையையும் எடை எழுதிய நோட்டையும் சேர்த்து.